அக்காவின் காலும் காற்றுப் பம்பும்

போன மாதம் ஒரு மாலை எங்கள் வீதிக் கோடியில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். அவருடைய மருமகளுக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் எடுத்துவிட்டார்களாம். இப்போது அந்தப் பக்கத்துக் கை வீங்கிக்கொண்டே வருகிறது, வளையல் ஏறவில்லை. "சார், உங்க அக்காவுக்கு ஒரு மெஷின் வாங்கினீங்களே, காலைப் பிழியற மெஷின், அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. பரணில், பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். "இருக்கு. ஆனா ரெண்டு நாள் பொறுங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. கொடுக்க மனமில்லை என்று நினைத்திருப்பார். அந்த இரண்டு நாள் எதற்கு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். புதுச்சேரியில், அதுவும் முத்தியால்பேட்டை போன்ற இடத்தில் எங்கள் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் நோயை விளக்க வேண்டியதில்லை. வீதிக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அக்காவுக்குப் பதினான்கு வயதில் முதல் தடவை குளிர் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டியது. மூன்று நாளில் இறங்கிவிட்டது. சில மாதம் கழித்து மறுபடியும். ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது காலில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. பதினெட்டு வயதில் இடது காலில் கொலுசு மாட்ட முடியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு புடவை ஓரத்தைப் பார்த்தார்கள். மூன்று இடம் வந்து போனது. நாலாவது இடத்தை அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கடைசிவரை என்னோடுதான் இருந்தாள்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் பழைய பிரெஞ்சுப் புத்தகத்தில் தேடிப் பார்ப்பேன். அந்த நாட்டு மருத்துவர்கள் யானைக்காலை 'அரேபியரின் எலெஃபான்தியாசிஸ்' என்று எழுதினார்கள். 'கிரேக்கரின் எலெஃபான்தியாசிஸ்' என்றால் தொழுநோய். இரண்டையும் பிரித்துச் சொல்வதற்கு ஊர்ப்பெயர் தேவைப்பட்டிருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கம் இதற்கு வேறு கதை. புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு வந்த சாபம் என்பார்கள். 1580களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் அந்தக் கதையைத் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பாட்டிக்கு தோமையாரைத் தெரியாது. அவள் போன ஜென்மத்துப் பாவம் என்றாள். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாபத்தை ஒழித்தது உருப்பெருக்கிக் கண்ணாடி. 1863இல் பாரிசில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், ஹவானாவிலிருந்து வந்த ஓர் இளைஞனின் விரைவீக்க நீரில் நுண்ணிய புழுக்களைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் அதே புழுவை மனித இரத்தத்தில் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் வளர்ந்த புழுவையே கண்டார். அடுத்த ஆண்டு சீனாவின் அமாய் துறைமுகத்தில் மேன்சன், கொசுவின் வயிற்றுக்குள் அது வளர்வதைக் கண்டார். புழுக்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலவுகின்றன என்பதும் மேன்சன் கண்டதுதான். ராத்திரி வேளையில் வீடு வீடாக வந்து விரலைக் குத்தி இரத்தம் எடுத்துப்போன பணியாளர்களை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1975இல் இங்கே கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் வந்தது. 1981 முதல் 1985 வரை ஊர் முழுக்கச் சாக்கடையும் கிணறும் அவர்கள் கணக்கில் இருந்தன. தெர்மாகோல் மணிகளைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டுக் கொசுப்புழுவை மூச்சுத் திணற வைக்கும் வேலையை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். காரைக்காலில் சாப்பாட்டு உப்பிலேயே டி.இ.சி. மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். இவையெல்லாம் அடுத்த தலைமுறைக்கு நல்லது செய்தன. ஏற்கெனவே வீங்கிய காலுக்கு ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை புழுவைக் கொல்லும், புழு கெடுத்துவிட்டுப் போன குழாயைத் திருப்பித் தராது.

அந்தக் குழாய் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரும் புரதமும் சதைக்குள் தேங்காமல், நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி, கழுத்தடியில் இருக்கும் பெரிய இரத்தக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரத்தத்துக்கு இதயம் உண்டு. நிணநீருக்கு அப்படி ஒன்று கிடையாது. குழாய் தானே சுருங்கி விரிவதும், நாம் நடப்பதும், மூச்சு விடுவதும்தான் அதைத் தள்ளுகின்றன. புழு அந்தக் குழாய்க்குள்ளேயே ஐந்தாறு வருடம் குடியிருந்து அதைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள் மூட மறுக்கின்றன. நீர் கீழே தங்குகிறது. புற்றுநோய்க்காக அக்குள் கட்டிகளை எடுத்துவிட்டால் கைக்கும் இதே கதி. நண்பரின் மருமகளுக்குக் கொசுவும் இல்லை, புழுவும் இல்லை. ஆனாலும் தேங்கியிருப்பது அதே நீர்தான்.

தேங்கியதைப் பிழிந்து மேலே தள்ளினால் என்ன என்ற யோசனை பழையது. 1892இல் வினிவார்ட்டர் என்ற அறுவை மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆஸ்திரியாவில் பிறந்தவர், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் லியேஜ் நகரில் பேராசிரியராக இருந்தவர். தோலைச் சுத்தமாக வை, கையால் நீவு, துணியால் இறுக்கிக் கட்டு, உடற்பயிற்சி செய் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பிறகு வந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றியிருக்க வேண்டும். கல்கத்தாவில் பணியாற்றிய சார்லஸ் என்ற மருத்துவரின் பெயரால் ஓர் அறுவை முறை வந்தது. வீங்கிய சதையைத் தோலோடு செதுக்கி எடுத்துவிட்டு, வேறு தோலை ஒட்டுவது. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதி பிரான்சின் கான் நகரில் இருந்தபோது மெல்லிய கைநீவலை ஒரு முறையாக வகுத்து, 1936இல் பாரிசில் வெளியிட்டார்கள். அவர் மருத்துவர் அல்லர் என்பதால் மருத்துவ உலகம் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீதிச் சரித்திரத்தையும் சேர்க்க வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அந்தப் பட்டாளத்தில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கம்பளிப் பட்டி சுற்றுவார்கள், 'பாந்த் மொல்த்தியேர்' என்று பெயர். 1962 வாக்கில், அக்காவின் கால் புடவைக்கு மறையாமல் போன சமயம், அவர் தம் பழைய பட்டியை எடுத்துவந்து என் அம்மாவுக்குச் சுற்றச் சொல்லிக் கொடுத்தார். விரலடியில் ஆரம்பி, கீழே இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக, காலை எழுந்திருக்கும் முன் கட்டு. பட்டாளத்தில் நாள் முழுக்க நடந்தாலும் கால் கனக்காது என்பார். ஒரு வருடம் போலக் கட்டினார்கள். கால் மறுபடி கொலுசு ஏறும் அளவுக்கு இறங்கியதாக அம்மா சொல்வாள். பிறகு அவர் இறந்துபோனார், பட்டியும் கிழிந்தது, வெயிலில் கம்பளி அரித்தது, விட்டுவிட்டோம். வினிவார்ட்டர் சொன்னதில் பாதியை அந்த மனிதர் எங்கள் திண்ணையிலேயே சொல்லிக் கொடுத்தார். எங்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் யோப்ஸ்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இருந்தார். அவருக்கே காலில் சிரைநோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் அல்லவா? அதே மாதிரி கணுக்காலில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் செய்தார். அவர் பெயரிலேயே காற்றுப் பம்பும் வந்தது. காலை ஒரு நீண்ட பைக்குள் விட்டு, மோட்டார் காற்றை ஏற்றும், கொஞ்ச நேரம் பிடிக்கும், இறக்கும், மறுபடி ஏற்றும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், அதையே தொடை வரை நீட்டியது மாதிரி. ஆரம்பகாலப் பம்புகளில் பை முழுக்க ஒரே அறை. எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் என்பதால் நீர் மேலேயும் போகும், கீழேயும் போகும். 1980இல் இஸ்ரேலில் செலிகோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் லிம்ஃபா பிரஸ் என்ற பம்பைப் பற்றி எழுதினார்கள். அதில் பல அறைகள். பாதத்தில் முதலில் நிரம்பி, ஒவ்வொன்றாக மேலே ஏறும். பற்பசையை அடியிலிருந்து அழுத்துவது போல.

நான் வாங்கியது அது இல்லை, ஒரே அறை கொண்டது. 1997இல் ஐந்தாவது ஊதியக் குழு அமலாகி அரியர்ஸ் வந்தது. அதில் பாதிக்கு மேல் இதற்குப் போயிற்று. சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். "ஆறு மாசத்துல மத்த கால் மாதிரி ஆயிடும் சார், அழுத்தம் எவ்வளவு தாங்குறாங்களோ அவ்வளவு வைங்க" என்றார் கடைக்காரர். அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவள் தாங்குவதில் கெட்டிக்காரி. முள்ளை 100இல் வைத்தோம்.

முப்பது வருடம் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஞாயிறுதோறும் தையல்கார டேப்பால் அளந்து குறித்தேன். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று நாலு கட்டம். கெண்டைக்கால் 58 சென்டிமீட்டரில் ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் 52. ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். அக்காவும் சிரித்தாள். "தம்பி, செருப்புக் கடைக்குப் போலாமாடா?" என்றாள். நாற்பது வருடமாக அவளுக்குச் செருப்புத் தைத்துத்தான் போட வேண்டியிருந்தது.

போனோம். வாங்கினோம். ஒரு மாதம் போட்டாள். பிறகு மறுபடி நுழையவில்லை. காலை பம்ப் போட்டால் இறங்கும், மாலைக்குள் ஏறிவிடும். நான் நேரத்தைக் கூட்டினேன், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அக்கா கால் மேல் புஸ் புஸ் என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜெபமாலை மாதிரி ஏதோ எண்ணிக்கொண்டிருப்பாள். என்னவென்று கேட்டதற்கு, மூச்சை எண்ணுகிறேன் என்றாள். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னாள், அதுவும் மூன்று மாதம் கழித்து. வீக்கம் தொடையைத் தாண்டி, ஒரு தம்பியிடம் சொல்ல முடியாத இடத்துக்கு வந்திருந்தது. உட்கார முடியவில்லை, நடக்கும்போது உரசிப் புண்ணாகியிருந்தது. என் மனைவி அழுதுகொண்டே வந்து சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அவள் மேல். பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கட்டம். தொடை 61, 62, 62, 64, 66. என் கையெழுத்துதான், வாராவாரம் எழுதியிருக்கிறேன். மகிழ்ச்சியில் இரண்டாவது கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆபீசில் ஒரு எல்.டி.சி. இப்படிக் கணக்கு பார்த்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

அழைத்துப்போன இடத்தில் ஒரு வயதான பெண் மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார். "எவ்வளவு அழுத்தம் வைக்கிறீங்க?" நூறு என்றேன். "பம்பைக் கழட்டினதும் கால்ல என்ன கட்டுறீங்க?" ஒன்றும் கட்டவில்லை என்றேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். பம்ப் தண்ணீரைத்தான் நகர்த்துகிறது, புரதம் அப்படியே சதையில் நிற்கிறது, அது மறுபடி தண்ணீரை இழுக்கிறது என்றார். தொடை இடுக்கில் வழி அடைபட்டிருக்கும்போது கீழேயிருந்து தள்ளினால் நீர் எங்கே போகும் என்று கேட்டார். அதே 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். கால் வீக்கத்துக்குப் பம்ப் போட்ட 53 பேரில் 23 பேருக்குப் பிறப்புறுப்பில் வீக்கம் வந்தது. பம்ப் போடாத 75 பேரில் இரண்டே பேருக்கு. அந்த 23 பேர் வீட்டிலும் யாராவது ஒரு தம்பி டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானா என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அம்மையார் சொல்லிக் கொடுத்தது பேசினும் சோப்பும். தினம் இரண்டு வேளை காலைக் கழுவ வேண்டும், மடிப்புகளுக்குள் விரல் விட்டு, வாசனை இல்லாத சாதாரண சோப்பால். பிறகு ஒத்தித் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கால்விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது, வெடிப்பு இருந்தால் களிம்பு. அக்காவுக்கு நாற்பது வருடமாக வந்த குளிர் காய்ச்சலுக்குக் காரணம் புழு இல்லை, விரல் இடுக்குப் புண் வழியாக நுழையும் கிருமி என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா திரையர் என்ற மருத்துவர் 1990களில் இதைத்தான் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார். அங்கே நோயாளிகள் சங்கம் சேர்ந்து ஒருவருக்கொருவர் கால் கழுவக் கற்றுக்கொடுத்தார்களாம். இப்போது உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்கும் சொல்வதும் இந்தக் கால் கழுவலைத்தான்.

அடுத்தது கட்டு. நீட்சி குறைந்த துணிப் பட்டி. விரலடியில் ஆரம்பித்து, கீழே இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. அவர் செய்து காட்டும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எதிர்வீட்டு சொல்தா, ஞாபகம் இருக்காடா?" என்றாள்.

பம்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மேலே வந்த வீக்கம் அடங்கும்வரை தொடாதே என்றார். பல மாதம் கழித்து, வாரத்தில் மூன்று நாள், 40க்கு மேல் போகாமல், அரைமணி நேரம், முதலில் தொடையையும் வயிற்றையும் கையால் நீவி வழி திறந்த பிறகு, கழற்றியவுடன் கட்டு. காய்ச்சல் இருந்தால் கிடையாது. கெண்டைக்கால் திடீரென்று சிவந்து வலித்தால், இரத்தம் உறைந்திருக்கலாம், கிட்டவே கொண்டுபோகக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது. இன்றைய பல அறைப் பம்புகள் நல்லவை, 30 முதல் 60க்குள் வைத்து, கட்டோடு சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவுகின்றன என்று சொல்கிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. கெடுத்தது என் 100.

அக்காவின் கால் 'மத்த கால் மாதிரி' ஆகவேயில்லை. கெண்டைக்கால் 54இல் நின்றது. மேலே வந்த வீக்கம் ஒரு வருடத்தில் பெரும்பாலும் வற்றியது, முழுக்க இல்லை. ஆனால் வருடத்துக்கு ஐந்தாறு தடவை வந்த காய்ச்சல், கடைசிப் பத்து வருடத்தில் இரண்டே தடவை வந்தது. அதுவும் என் நோட்டில் இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். 2014இல் வேறு காரணத்தால் இறந்தாள். அன்று காலையிலும் கட்டு கட்டியிருந்தது.

நண்பரிடம் கேட்ட இரண்டு நாளில் முதல் வேலையாகப் பம்பை இறக்கி, இரத்த அழுத்தக் கருவி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். முள் 40 காட்டும்போது உள்ளே 65 இருக்கிறது என்றார். பழசாகிக் கெட்டதா, வாங்கும்போதே அப்படியா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வாங்கும்போதே அப்படி என்றால் எங்கள் நூறு எவ்வளவாக இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படியும் அது கால் பை, கைக்கு வேறு வாங்க வேண்டும். மருமகளை அவளுடைய மருத்துவரிடமே அனுப்பினார்கள். இப்போதைக்கு மெஷின் வேண்டாம், கைநீவலும் கட்டும் கையுறையும் போதும் என்று சொல்லிவிட்டாராம். அளவு மட்டும் வாராவாரம் குறித்துவரச் சொல்லியிருக்கிறார். அதற்கு நண்பர் என்னிடம் வந்தார். புது நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தேன். மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேல்கை. கையுறை முடிகிற இடத்துக்கு மேலே, தோளுக்கும் விலாவுக்கும் இன்னும் இரண்டு கட்டம்.